விளக்கை அணைக்கும் வித்தகர்கள்

"ஐயா, அந்த லைட்டுக்கெல்லாம் பயப்பிடாதேங்கோ. சில்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சென்சர்தான் பிழை. வேணுமெண்டால் லைட்டைக் கட் பண்ணி விடுறன்."

2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், கொழும்பில் நான் வழக்கமாக வாகனம் திருத்தக் கொடுக்கும் கராஜ் ஒன்றில் ஓர் இளைஞர் எனக்கு அருளிய வாக்கு இது. குதிரை லாடம் போன்ற ஒரு வளைவு, அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி, மஞ்சள் நிறம். டயரின் காற்றமுக்கம் குறைந்துவிட்டது என்பதைச் சாரதிக்கு அறிவிக்கும் எச்சரிக்கை விளக்கு அது. வாகனத்தைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் வரை மின்னும். பின்னர் அணையாமல் எரிந்துகொண்டேயிருக்கும். இளைஞர் சொன்னதில் பாதி உண்மை. சென்சர்தான் பிழை. ஆனால் அந்தப் பாதி உண்மை என் குடும்பத்தைக் கொன்றிருக்கும்.

விளக்கை வெட்ட வேண்டாம் என்றேன். பெரிய விவேகி என்ற நினைப்பு எனக்கு! வெட்டவும் இல்லை, திருத்தவும் இல்லை. பதினொரு மாதம் அந்த மஞ்சள் விளக்கின் வெளிச்சத்தில் வண்டியோட்டினேன். வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய நாட்காட்டியைப் போல அது என் கண்ணில் படாமலேயே போயிற்று.

அடுத்த ஆண்டு, யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டோம். மனைவி முன்னிருக்கையில், ஏழு வயதுப் பேரன் பின்னிருக்கையில். ஏ-9 நெடுஞ்சாலையில் மதவாச்சியைத் தாண்டியபின் வாகனத்தின் பின்பக்கம் ஆடுவதுபோல் தோன்றியது. வீதிதான் சரியில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். வவுனியாவை நெருங்கும் வேளையில் இடது பின்சில்லு வெடித்தது. வாகனம் எதிர்த்திசைக்கு இழுபட்டுச் சென்று, வீதியின் மறுபுற ஓரத்தில், மதகுக் கட்டுக்கு ஒரு முழ இடைவெளியில் நின்றது. நாங்கள் கடந்துவந்த இடத்தை ஒரு லொறி ஹோர்ன் அடித்தபடி கடந்து போயிற்று. எத்தனை வினாடி வித்தியாசம் என்று கணக்கிட எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

வவுனியாவில் டயர் கடைக்காரர் அந்த டயரைக் கழற்றிப் புரட்டிக் காட்டினார். உட்பக்கச் சுவர் முழுவதும் கறுப்புத் தூள். றப்பர் அரைபட்டு மாவாகியிருந்தது. மிதிபரப்பில் ஒரு சிறிய ஆணி. "இது இண்டைக்குப் போன காத்தில்லை ஐயா. கனநாளாக் குறைஞ்சு குறைஞ்சு ஓடியிருக்கு. லைட் பத்தேல்லையோ?" என்று கேட்டார். பத்தியதுதான். பதினொரு மாதமாகப் பத்தியது. அதுவல்லவா என் வெட்கம்!

இந்த விளக்குக்கு இரண்டு மொழிகள் உண்டு. வாகனம் கிளம்பும்போதோ ஓட்டத்தின் நடுவிலோ மின்னாமல் நேரே எரியத் தொடங்கினால், ஏதோ ஒரு சில்லில் காற்று குறைந்துவிட்டது என்று பொருள். ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை மின்னி, அதன்பின் நிலையாக எரிந்தால், காற்றை அளக்கும் கருவியே பழுதாகிவிட்டது என்று பொருள். என் வாகனத்தில் நடந்தது இரண்டாவது. ஆனால் கருவி செத்தபின், அதே விளக்கு முதலாவது செய்தியை எப்படிச் சொல்லும்? ஏற்கனவே எரிந்துகொண்டிருக்கும் விளக்கு இன்னொருமுறை எரிய முடியாதே! "சென்சர்தான் பிழை, பயப்பிடாதேங்கோ" என்பவர் உண்மையில் சொல்வது, "உங்கள் காவற்காரன் இறந்துவிட்டான், நிம்மதியாக உறங்குங்கள்" என்பதைத்தான்.

இந்த விளக்கு எவரோ ஒரு பொறியியலாளர் அலங்காரத்துக்காக வைத்ததன்று. 2000 ஓகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் ஏறத்தாழ 65 இலட்சம் டயர்களை அமெரிக்காவில் மீளப் பெறுவதாக அறிவித்தது. அவற்றிற் பெரும்பாலானவை ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களில் பூட்டப்பட்டவை. ஓடும்போதே மிதிபரப்பு உரிந்து, வாகனங்கள் தலைகீழாகப் புரண்டன. அந்த நாட்டில் மாத்திரம் இறந்தோர் தொகை இருநூறைத் தாண்டியது. சதுர அங்குலத்துக்கு 26 இறாத்தல் காற்றுப் போதும் என்று ஃபோர்ட் பரிந்துரைத்திருந்தது. 30 இருந்திருக்க வேண்டும் என்றது ஃபயர்ஸ்டோன். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி விரியும். மடங்கி விரிய வெப்பம் ஏறும். வெப்பத்தில் றப்பரும் உருக்குப் பட்டியும் பிரியும். பழி யாருக்கு என்பதில் இரு நிறுவனங்களும் அடித்துக்கொண்டு, ஏறக்குறைய நூறாண்டு கால உறவை 2001 இல் முறித்துக்கொண்டன. அப்போது ஃபோர்ட் நிறுவனத்தின் தலைவராயிருந்தவர் ஹென்றி ஃபோர்டுக்கும் ஹார்வி ஃபயர்ஸ்டோனுக்கும் பூட்டப்பிள்ளை என்பது இந்தக் கதையின் இன்னொரு வினோதம்.

மீளழைப்பு நடந்த மூன்றாம் மாதமே அமெரிக்கச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. காற்று கணிசமாகக் குறைந்தால் சாரதிக்கு அறிவிக்கும் சாதனம் புதிய வாகனங்கள் அனைத்திலும் இருத்தல் வேண்டும் என்பது அதன் ஒரு பகுதி. இனித்தான் வேடிக்கை. 2002 இல் அங்குள்ள போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிட்ட விதி, உற்பத்தியாளருக்கு மலிவான ஒரு மாற்றுவழியையும் திறந்துவிட்டது. சில்லுகளின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டு, ஒரு சில்லு மற்றவற்றைவிட வேகமாகச் சுழன்றால் அதில் காற்றில்லை என ஊகிக்கும் முறை அது. நான்கு சில்லிலும் ஒரே அளவாகக் காற்று இறங்கினால் அக்காலத்து ஊகக் கருவிக்கு ஒன்றும் தெரியாது. நுகர்வோர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2003 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த மாற்றுவழி சட்டத்துக்கு முரணானது என்று தள்ளியது. 2005 இல் புதிய விதி வந்தது. 2007 செப்டெம்பர் முதல் அங்கு விற்கப்படும் புதிய கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பரில் அதே நிலைக்கு வந்தது. மனித உயிர்களின் விலையில் எரியத் தொடங்கிய விளக்கு இது. இதைத்தான் ஐந்து நிமிடத்தில் "கட் பண்ணி விடுறன்" என்கிறார்கள்.

அணைக்கும் கலையில் நம்மவர்கள் மட்டும் தேர்ந்தவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கறுப்பு ஒட்டுநாடா ஒட்டுவது ஆரம்ப வகுப்பு. கணினியைப் பொருத்தி அந்த வசதியையே வாகனத்தின் நினைவிலிருந்து நீக்குவது அடுத்த வகுப்பு. எல்லாவற்றுக்கும் மேலான ஒரு வித்தை வெளிநாடுகளில் உண்டு: நான்கு சென்சர்களையும் சில்லிலிருந்து கழற்றி, ஒரு பீவீசீ குழாய்க்குள் போட்டு, இருபுறமும் அடைத்து, குழாய்க்குக் காற்றடித்து டிக்கியில் வைத்துவிடுவது! குழாயின் காற்றமுக்கம் என்றென்றும் குறையாது, விளக்கும் எரியாது. சில்லுகளின் கதி சில்லுகளுக்கே வெளிச்சம். இத்தனை மூளையையும் உழைப்பையும் செலவிடுபவர், காலையில் ஒருமுறை குனிந்து காற்றை அளந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

தணிக்கை அமுலிலிருந்த காலங்களில், வெட்டப்பட்ட செய்திகளின் இடத்தை வெறுமையாக விட்டுப் பத்திரிகை அச்சிட்ட அனுபவம் எனக்குண்டு. அந்த வெள்ளைப் பத்திகளைப் பார்த்து நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை என்று எந்த வாசகரும் நம்பியதில்லை. அத்தகைய வாசகர்கள்தாம் தங்கள் வாகனத்தின் டாஷ்போட்டில் வெள்ளைப் பத்தி கேட்கிறார்கள்.

நியாயமாகச் சொல்வதானால், குற்றம் கராஜ்காரர்களிடம் மட்டுமில்லை. உற்பத்தியாளர்களை முதலில் நிறுத்திக் கேட்க வேண்டும். சென்சருக்குள் இருக்கும் பற்றரி ஐந்து முதல் பத்து ஆண்டுவரை உயிர்வாழும். அது தீர்ந்தால் மாற்ற இயலாதபடி பசையூற்றி மூடியிருக்கிறார்கள். சில்லறைக் காசுப் பற்றரிக்காக முழுக் கருவியையும் வாங்கவேண்டும். ஜப்பானியச் சந்தைக்குரியவை பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸிலும் ஐரோப்பியச் சந்தைக்குரியவை 433 இலும் பேசுகின்றன. அலைவரிசை பொருந்தாததை வாங்கிப் பூட்டினால் காசும் போய், விளக்கும் எரியும். பொருந்தினாலும் அதன் அடையாள இலக்கத்தை வாகனத்துக்குப் பதிவுசெய்து கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் பின், "காற்றில்லை" என்பதற்கும் "கருவியில்லை" என்பதற்கும் ஒரே விளக்கு! தனித்தனி விளக்கு வைப்பதற்கு விதியில் இடமிருந்தும் பலர் வைக்கவில்லை.

நமது நாட்டில் இது இன்னும் கடினம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இந்த ஐந்தாண்டு இடைவெளியில் நம் வீதிகளில் ஓடிய வாகனங்களெல்லாம் ஐந்து வயது கூடின. அவற்றின் சென்சர் பற்றரிகளும் கூடவே மூப்படைந்தன. உதிரிப்பாகம் வாங்கப் பணமில்லாதவரை நான் குறை கூறவில்லை. பணமில்லை என்றால் பணமில்லை என்று சொல்லலாம். "பிரச்சினையில்லை" என்று சொல்லக்கூடாது என்பதே என் வாதம். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக வாகனத்தின் புகையைப் பரிசோதிக்கிறார்கள். தனியார் காரின் டயரை அங்கே எவரும் குனிந்து பார்ப்பதில்லை. பிரித்தானியாவில், 2012 முதல் பாவனைக்கு வந்த கார்களில் இந்த விளக்கு பழுதைக் காட்டினால் வருடாந்தப் பரிசோதனையில் தோல்விதான். லண்டன் வாசகர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். கனடாவில் அவ்வாறான கட்டாயமில்லை. ரொறன்ரோவில் பனிக்கால டயர்களைச் சென்சர் இல்லாத சில்லுகளில் பூட்டி, குளிர்காலம் முழுவதும் விளக்கெரிய ஓட்டுவோர் நம்மவரிலும் அநேகர். காற்று மிகக் குறையும் காலமும் அதுவே! வெப்பநிலை 5 அல்லது 6 பாகை செல்சியஸ் இறங்கினால் ஓர் இறாத்தல் குறையும். 25 பாகையில் 29 இறாத்தல் இருந்த டயர், மறை 10 பாகையில் ஏறத்தாழ 24 ஆகிவிடும்.

"எங்கள் அப்பன் பாட்டன் விளக்கில்லாமல் ஓட்டவில்லையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஓட்டினார்கள். என் தந்தையார் தமது மொறிஸ் மைனரை எடுக்குமுன் நான்கு சில்லையும் சுற்றிவந்து பார்ப்பார், பெருவிரலால் அழுத்துவார், பெற்றோல் நிலையத்தில் கருவி வைத்து அளப்பிப்பார். அந்தப் பழக்கத்தை விளக்கிடம் ஒப்படைத்துவிட்டு, இப்போது விளக்கையும் அணைக்கச் சொல்கிறோம்.

வேறொரு மயக்கமும் உண்டு. விளக்கு எரியவில்லையென்றால் காற்றுச் சரி என்று எண்ணுவது. அமெரிக்க விதி கேட்பது, பரிந்துரைத்த அளவில் கால்வாசி குறைந்தபின் இருபது நிமிடத்துக்குள் எச்சரிக்க வேண்டும் என்பதையே. 33 இருக்க வேண்டிய டயர் ஏறத்தாழ 25 ஆகும்வரை விளக்கு வாய்திறக்கக் கடமைப்பட்டதன்று. அது கடைசி மணி. முதல் மணி நாம்தான் அடிக்க வேண்டும்.

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறு பட்டியல் ஒட்டியிருக்கும். நம்மிடம் உள்ள ஜப்பானிய வாகனங்களில் அது கிலோபாஸ்கலில் இருக்கும். 230 என்றால் 33 இறாத்தல். டயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடிப்பிப்பது பெரும் பிழை. வாகனம் ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் நான்கைந்து இறாத்தல் கூட்டிக் காட்டும். "கூடிப்போச்சு" என்று கடைக்காரர் காற்றை இறக்க முனைந்தால் தடுத்துவிடுங்கள். சில வாகனங்களில் மேலதிகச் சில்லிலும் சென்சர் உண்டு. நான்கும் சரியாயிருந்தும் விளக்கு எரிந்தால் டிக்கியைத் திறந்து பாருங்கள். காற்றை நிரப்பியபின் பத்து இருபது நிமிடம் ஓடினால்தான் பல வாகனங்களில் விளக்கு அணையும். சுழற்சியை ஒப்பிட்டு ஊகிக்கும் வகை வாகனமாயின் ஒரு பொத்தானோ திரையில் ஒரு தெரிவோ இருக்கும். நான்கையும் சரிபார்த்தபின் மட்டுமே அதை அழுத்தலாம். காற்றில்லாத நிலையில் அழுத்தினால், அந்தக் குறைந்த அளவே சரியானது என்று வாகனத்துக்குக் கற்பித்தவராவீர்கள். கராஜ்களில் "ரீசெற் பண்ணிவிட்டேன்" என்பது பல வேளைகளில் இதுதான்.

மின்னிவிட்டு எரியும் விளக்காயின், கையடக்க வாசிப்புக் கருவியுள்ள கடையைத் தேடுங்கள். ஒவ்வொரு சில்லின் அருகிலும் அதைப் பிடித்தால் எந்தச் சென்சர் பேசவில்லை என்பது தெரிந்துவிடும். நான்கையும் மாற்றென்று ஒருவர் சொன்னால், எது செத்தது என்று காட்டும்படி கேளுங்கள்.

என் வாகனத்தில் செத்தவை இரண்டு. ஒன்றை மாற்றியாயிற்று. மற்றையது கடைக்காரரிடம் கையிருப்பில் இல்லை. வந்தபின் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே விளக்கு இன்னமும் காலையில் மின்னி, பின்னர் எரிகிறது. காற்றளக்கும் கருவி ஒன்று வாங்கி வாகனத்தில் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை, வாகனத்தைக் கிளப்புமுன், பேரனின் வேலை அது. சென்ற ஞாயிறு குந்தியிருந்து அளந்துவிட்டு, "அம்மப்பா, இடது பின்சில்லு முப்பத்தொண்டு" என்றான். போய் இரண்டு இறாத்தல் அடித்துக்கொண்டு வந்தோம்.