வீட்டுக்குள்ளும் நன்றி வேண்டும்

மீதிச் சில்லறை தரும் கடைக்காரருக்கு நன்றி சொல்கிறோம். பெற்ற தாய்க்குச் சொல்கிறோமா?

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓடினார்கள். மங்கு மங்காகச் சேர்த்த அந்தப் பாலில்தான் நம்மில் பலருக்குப் பள்ளிப் புத்தகம் வந்தது.

இன்று அந்தக் கைகள் ஓய்ந்துவிட்டன. வேலை முடிந்து வரும் நாமோ கைப்பேசியைப் பார்க்கிறோம். அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

‘செய்ந்நன்றி அறிதல்’ திருக்குறளின் 11ஆம் அதிகாரம். பள்ளியில் மனப்பாடம் செய்தோம், வீட்டில் மறந்துவிட்டோம்.

இன்றிரவு, “அம்மா, சாப்பிட்டீங்களா?” என்று கேளுங்கள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள். அதுவே நன்றி.