ஓய்வுபெற்ற வழக்கறிஞர்கள் நம் தெருவுக்கும் தேவை

உச்ச நீதிமன்றத்தில் ஒரு முக்கிய வழக்கை வென்றபோது வழக்கறிஞர் லில்லி தாமஸுக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. பலர் கறுப்பு அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுப் பல ஆண்டுகள் கடந்திருக்கும் வயது அது. கேரளத்தில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் சட்ட மேற்படிப்பு முடித்தவர் அவர்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(4) பிரிவு, தண்டனை பெற்ற எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டும் ஒரு சலுகை தந்திருந்தது. மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் போதும், அது முடியும்வரை பதவி போகாது. வேட்புமனு போட வரும் சாதாரணக் குடிமகனுக்கு அந்தச் சலுகை கிடையாது. லில்லி தாமஸும் லக்னோவின் லோக் பிரஹரி அமைப்பும் தொடுத்த வழக்குகளில், 2013 ஜூலை 10 அன்று அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பானது. அதே ஆண்டில் லாலு பிரசாத்தும், 2014 செப்டம்பரில் ஜெயலலிதாவும் பதவியிழந்தது இந்தத் தீர்ப்பால்தான். கட்சி பார்க்காத தீர்ப்பு இது.

ஆனால், இது தண்டனைக்குப் பிந்தைய கதை. விசாரணையிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும் வழக்குகளுக்கு வாக்காளர்தான் நீதிபதி. அவர் கையில் இருப்பது படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம். வழக்கு எண், காவல் நிலையம், சட்டப் பிரிவு எல்லாம் அதில் உண்டு. தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். எத்தனை பேர் பார்க்கிறோம்? பார்த்தாலும் புரிகிறதா? தடையை மீறி மறியல் செய்ததற்கான பழைய இ.பி.கோ. 188-ம், கொலை முயற்சிக்கான 307-ம் சாமானியருக்கு வெறும் எண்கள்தான். பத்து வழக்கு உள்ளவர் மக்களுக்காகப் போராடியவராக இருக்கலாம். ஒரே வழக்கு உள்ளவர் அஞ்சத்தக்கவராக இருக்கலாம். குற்றச்சாட்டு வேறு, தண்டனை வேறு என்பதையும் சொல்லித்தர ஆள் வேண்டும். இந்த இடத்தில்தான் ஊருக்கு ஊர் இருக்கும் ஓய்வுபெற்ற வழக்கறிஞர்களின் அனுபவம் வீணாகிறது.

கட்சிகளுக்கும் கடமை உண்டு. வழக்கு உள்ளவரை ஏன் நிறுத்துகிறோம் என்று காரணம் வெளியிட வேண்டும், வெற்றி வாய்ப்பு மட்டுமே காரணமாகாது என்று 2020-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த விளக்கத்தைக் கேட்கும் பழக்கம் நம்மிடம்தான் இல்லை.

அடுத்த தேர்தலில் வேட்புமனுப் பரிசீலனை முடிந்த வாரமே, நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஒரு மாலை ஒதுக்குங்கள். எல்லா வேட்பாளர்களின் பத்திரங்களையும், ஒருவரையும் விடாமல், சட்டம் தெரிந்த ஒரு மூத்தவர் வாசித்து விளக்கட்டும். எல்லாக் கட்சிக்காரர்களையும் அழையுங்கள். கேள்விகளை நீங்கள் கேளுங்கள்.