டி.எஸ்.ஹெச் ஏறினால் தைராய்டு ஏறிவிட்டதா?

லேப் ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச் 12 என்று இருக்கும். பக்கத்திலேயே நார்மல் அளவு 0.4 முதல் 4 வரை என்று அச்சாகியிருக்கும். பார்த்தவுடன் வீட்டில் எழும் முதல் பேச்சு, ‘தைராய்டு மூணு மடங்கு ஏறிடுச்சு!’ என்பதுதான். அதோடு விட்டால் பரவாயில்லை. ‘தைராய்டுதான் ஏறிப்போச்சே, இன்னும் எதுக்குத் தைராய்டு மாத்திரை?’ என்று காலையில் போடும் மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அந்த 12 சொல்வது பெரும்பாலும் நேர் எதிரான சேதி. தைராய்டு போதுமான அளவு சுரக்கவில்லை.

டி.எஸ்.ஹெச் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் குழப்பம் தீர்ந்துவிடும். அது தைராய்டு சுரப்பது அல்ல. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கு ரத்தம் வழியாக அனுப்பும் தூது. ‘இன்னும் கொஞ்சம் சுரந்து கொடு’ என்பதுதான் அதில் உள்ள சேதி. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி குரலைத் தாழ்த்திக்கொள்ளும், குறைந்தால் உயர்த்தும். மொட்டைமாடியில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடும் அம்மா மாதிரிதான். பிள்ளை வராதவரை சத்தம் கூடிக்கொண்டே போகும். ரிப்போர்ட்டில் இருக்கும் 12, அம்மாவின் சத்தம். பிள்ளை இன்னும் இறங்கி வரவில்லை! (அபூர்வமாக பிட்யூட்டரியே பழுதாகிவிட்டால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதனால்தான் டாக்டர்கள் டி4 அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.)

உடலுக்குள் சேதி போவதெல்லாம் நரம்பு வழியாகத்தான் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1902-ல் லண்டனில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதிக்குப் போகும் நரம்புகளை எல்லாம் நீக்கிவிட்டு, அந்தப் பகுதிக்குள் அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்பே இல்லை; ஆனாலும் தள்ளி இருந்த கணையம் நீரைச் சுரந்தது. குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து, வடிகட்டி ரத்தத்தில் ஏற்றியபோதும் கணையம் சுரந்தது. சேதியைக் கொண்டுபோனது ரத்தத்தில் கலந்த ஒரு ரசாயனம். அதற்கு செக்ரடின் என்று பெயர் வைத்தார்கள். இப்படிப்பட்ட தூதுவர்களுக்கெல்லாம் பொதுப் பெயராக ‘ஹார்மோன்’ என்ற சொல்லை 1905-ல் ஸ்டார்லிங் பயன்படுத்தினார். ‘தூண்டிவிடுகிறேன்’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது அது.

பெயர் வருவதற்கு முன்பே வைத்தியம் வந்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் டாக்டர், தைராய்டு வற்றிப்போய், முகம் வீங்கி, பேச்சும் நடையும் தளர்ந்துபோன 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டில் இருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அவர் தேறினார். பிறகு அந்தச் சாற்றை வாய்வழியாகவே சாப்பிட்டு, 74 வயது வரை வாழ்ந்தார். இன்று சின்ன வெள்ளை மாத்திரையாக வரும் லெவோதைராக்ஸின் செய்வதும் அதே வேலைதான்: சுரப்பி தராததை வெளியில் இருந்து தருவது.

ரத்தத்தில் கலக்கும் ஹார்மோன் உடல் முழுக்கச் சுற்றும். ஆனால், அதற்கான ஏற்பி உள்ள செல்லுக்கு மட்டுமே சேதி புரியும். தைராய்டு ஹார்மோனுக்கு ஏற்பி இல்லாத உறுப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால்தான் அது குறைந்தால் அசதி, மலச்சிக்கல், முடி உதிர்தல், மாதவிலக்குக் கோளாறு, மற்றவர்களுக்கு வியர்க்கும்போது தனக்கு மட்டும் குளிர்வது என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத தொல்லைகள் வரிசைகட்டும். முடிக்கு ஒரு எண்ணெய், மலச்சிக்கலுக்கு ஒரு சூரணம் என்று தனித்தனியாக அலைவார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் விஷயம் தெரிந்துவிடும்.

மாத்திரையை நிறுத்துகிறவர்களை ஏமாற்றுவது ஒரு கணக்கு. டி4 ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். நான்கைந்து நாள் விட்டாலும் ஒன்றும் தெரியாது. ‘மாத்திரை இல்லாமலே நல்லாத்தானே இருக்கேன்’ என்று தோன்றும். தொல்லைகள் மெல்ல மெல்லத்தான் திரும்பும். டோஸை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டெஸ்ட் எடுக்கச் சொல்வதும் இதே மந்தகதியால்தான்.

சிலர் ஒழுங்காகச் சாப்பிட்டும் டி.எஸ்.ஹெச் இறங்காது. காரணம், பல நேரம் காபி டம்ளரில் இருக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காபி, டிபன். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். காலையில் எல்லா மாத்திரைகளையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்குகிறவர்களுக்கு தைராய்டு மாத்திரை முழுமையாகச் சேராது.

மிகவும் கவனம் தேவைப்படுவது கர்ப்பிணிகள் விஷயத்தில். ‘வயித்துல பிள்ளை இருக்கும்போது எந்த மாத்திரையும் வேண்டாம்’ என்று பெரியவர்கள் பாசத்தில் சொல்வார்கள். ஆனால், முதல் மூன்று மாதங்களில் சிசுவின் தைராய்டு இன்னும் வேலையை ஆரம்பித்திருக்காது. அதன் மூளை வளர அம்மாவின் ஹார்மோன்தான் ஆதாரம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு, கர்ப்பம் உறுதியானவுடன் டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும். எனவே, நாள் தள்ளிப்போனது உறுதியானதும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சில குழந்தைகள் தைராய்டு சுரப்பி இல்லாமலோ, அது சரியாக வேலை செய்யாமலோ பிறக்கின்றன. பார்வைக்கு நன்றாகவே இருக்கும். முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரையை ஆரம்பித்துவிட்டால் பிள்ளை மற்றவர்களைப் போலவே வளரும். மாதக்கணக்கில் தள்ளிப்போனால் மூளை வளர்ச்சியில் இழந்ததை மீட்க முடியாது. இதைக் கண்டுபிடிக்கத்தான் பிறந்த இரண்டு, மூன்று நாளில் குதிகாலில் குத்தி நாலு சொட்டு ரத்தம் எடுக்கிறார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் அவர்களாகவே எடுத்துவிடுவதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்முன், ‘குதிகால் டெஸ்ட் எடுத்தாச்சா, ரிசல்ட் எப்ப வரும்?’ என்று கேட்டுவிடுங்கள்.