காரணம் கேட்கும் கதவு

பதிவுச் சட்டம், 1908இன் 57ஆம் பிரிவின்படி, கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கும் எவரும் சார்பதிவகத்தின் முதலாம் புத்தகத்தைப் பார்வையிடலாம். அதில் பதிவான கிரயப் பத்திரத்தின் நகலும் பெறலாம். ஏன் என்று சட்டம் கேட்பதில்லை.

அதே நிலத்தின் வழக்கு குஜராத் உயர் நீதிமன்றம் சென்றிருந்தாலோ, தரப்பினர் அல்லாதவர் காரணம் கூறிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். இவ்விதி இருக்கையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நாட இயலாது என 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நடப்பு வழக்கில் அந்தரங்கம் காப்பது நியாயமே. தீர்ந்து பல்லாண்டு கடந்த நில வழக்குக்கும் அதே தடை பொருந்துமா? காலக்கெடு முடிந்த வழக்குக் கட்டுகளை அழிக்க 1917ஆம் ஆண்டுச் சட்டமே இடமளிக்கிறது. அனுமதிக்குக் காத்திருக்கும் ஆய்வாளர் இழப்பது நாள்களை மட்டுமன்று, சான்றையும்தான். திறந்த மன்றத்தில் வாதிடப்பட்டதைப் படிக்க விழைபவர் காரணம் கூற வேண்டியதில்லை, மறுப்பவரே கூறட்டும்.