எந்த எடைக்கு எந்த உரிமம்?

கேரவன் என்றதும் நமக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே கேரவனுக்கு எஞ்சின் கிடையாது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள ஒரு சின்ன வீடு சக்கரத்தின் மேல் நிற்கும். விடுமுறை வந்தால் அதைக் காரின் பின்கொக்கியில் மாட்டிக் கடற்கரைக்கோ மலைப்பக்கமோ இழுத்துக்கொண்டு போவார்கள். ஒன்றரை டன் எடையுள்ள அந்த வீட்டை, கார் ஓட்டத் தெரிந்த எவரும் இழுக்கலாமா? கால் நூற்றாண்டுக்குள் பிரிட்டன் இந்தக் கேள்விக்கான விடையை இரண்டு முறை மாற்றியிருக்கிறது.

விதிகளுக்குள் போகுமுன் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம்: அதிகபட்ச அனுமதி எடை. ஒரு வண்டி தன் சொந்த எடையோடு, ஏற்றிய பொருளையும் ஆட்களையும் சேர்த்து எவ்வளவு வரை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் வரையறுத்த அளவு இது. வண்டியில் உள்ள சிறு தகட்டில் பொறித்திருக்கும். உரிமச் சட்டம் பார்ப்பது இந்த எண்ணைத்தான். “காலி கேரவனைத்தானே இழுக்கிறேன்” என்று சொல்லித் தப்ப முடியாது. உள்ளே ஒரு தட்டுகூட இல்லாவிட்டாலும், தகட்டில் 1,600 கிலோ என்றிருந்தால் உரிமக் கணக்கில் அது 1,600 கிலோதான்.

இனி விதி. 1997 ஜனவரி 1-க்கு முன் கார் தேர்வில் தேறியவர்கள், காரும் இழுவண்டியும் சேர்ந்து 8,250 கிலோ வரை ஓட்டலாம். தனித் தேர்வு தேவையில்லை. அந்தத் தேதிக்குப் பின் தேறியவர்களுக்குக் கிடைத்த பி வகை உரிமம் குறுகலானது. 3,500 கிலோ வரையுள்ள கார். அதன் பின்னால் 750 கிலோ வரையுள்ள இழுவண்டி. இழுவண்டி அதைவிடக் கனமென்றால், இரண்டும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. 2,100 கிலோ காரில் 1,600 கிலோ கேரவனைப் பூட்டினால் 3,700. இருநூறு கிலோ கூடுதல். இவர்கள் பி-ஈ என்னும் இன்னொரு தேர்வு எழுத வேண்டியிருந்தது.

எழுத வேண்டியிருந்தது என்று சொன்னாலும், அது சாலையில் ஓட்டிக் காட்டும் தேர்வு. இழுவண்டியைக் காரில் பூட்டிக் காட்ட வேண்டும். கழற்றிக் காட்ட வேண்டும். பின்னோக்கி ஓட்ட வேண்டும். இந்தப் பின்னோட்டம்தான் பலரைத் திணறடிக்கும். கேரவனின் வால் இடப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை முதலில் வலப்பக்கம் திருப்ப வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் திருப்பிவிட்டால் கேரவன் மடங்கிக் காரின் மூலையில் இடிக்கும். கைக்குப் பழகியதற்கு நேர்மாறான இந்தக் கணக்கு புத்தகத்தில் படித்தால் வராது.

2021-இல் பிரிட்டனில் லாரி ஓட்டுநர்களுக்குக் கடும் தட்டுப்பாடு. லாரி உரிமத் தேர்வுகளை விரைவாக நடத்தத் தேர்வாளர்களின் நேரம் தேவைப்பட்டது. அந்த நேரத்தை விடுவிக்கக் கார்-இழுவண்டித் தேர்வையே அரசு நீக்கியது. அவ்வாண்டு டிசம்பர் 16 முதல், 1997-க்குப் பின் உரிமம் எடுத்தவர்களும் 3,500 கிலோ வரையுள்ள இழுவண்டியைத் தேர்வில்லாமலே இழுக்கலாம். அட்டையைப் புதுப்பிக்கும்போது அந்தத் தகுதி தானாகவே சேர்ந்துவிடும். இது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு மட்டும். வட அயர்லாந்தில் இந்த மாற்றம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் நடுவில் ஒரு படி வைத்திருக்கிறது. அதன் பெயர் பி-96. காரும் இழுவண்டியும் சேர்ந்து 3,500-ஐத் தாண்டி 4,250 கிலோவுக்குள் இருந்தால் இது போதும். ஜெர்மனியில் இதற்குத் தேர்வு கிடையாது. ஓட்டுநர் பள்ளியில் ஏழு மணி நேரப் பயிற்சி உண்டு. நாம் பார்த்த 3,700 கிலோ ஜோடி அங்கே இந்தப் படியில்தான் வரும். அதற்கும் மேலே போனால்தான் பி-ஈ தேர்வு.

உரிமம் இருந்துவிட்டால் எதையும் இழுக்கலாம் என்று பொருளல்ல. உரிமம் ஓட்டுநருக்கானது, காருக்குத் தனி வரம்பு உண்டு. கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டைக் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் நான்கு எண்கள் இருக்கும். முதலாவது காரின் அதிகபட்ச அனுமதி எடை. இரண்டாவது காரும் இழுவண்டியும் சேர்ந்த உச்ச எடை. மற்ற இரண்டும் முன் அச்சு, பின் அச்சு தாங்கும் எடை. இரண்டாவது எண் 3,400 என்றிருக்கும் காரில் 3,700 கிலோவை ஏற்றி இழுத்தால், பழைய உரிமக்காரரானாலும் குற்றம்தான்.

கேரவனுக்குள் ஏற்றும் பொருளும் நாம் நினைப்பதைவிட வேகமாக எடை கூட்டும். வெற்றுக் கேரவனுக்கும் அதன் அனுமதி எடைக்கும் இடையே சில மாடல்களில் 150 கிலோதான் இடைவெளி. பேட்டரி ஒன்றே இருபது கிலோவைத் தொடும். நாற்பது லிட்டர் தண்ணீர் நாற்பது கிலோ. காஸ் சிலிண்டர், கூடாரத் துணி, நாற்காலிகள், குழந்தைகளின் சைக்கிள் என்று சேர்த்தால் இடைவெளி அதோடு தீர்ந்தது.

எடை எவ்வளவு என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நம் ஊர் மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் மூட்டை அடுக்குவார். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்தை அழுத்தும். கேரவனிலும் இதே கதைதான். மொத்த எடையில் ஐந்து முதல் ஏழு விழுக்காடு கொக்கியின் மேல் அழுத்த வேண்டும் என்பது பிரிட்டனில் புழங்கும் கணக்கு. கனமான பொருள்கள் அச்சுக்கு அருகே, தரையை ஒட்டி இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால், வேகம் கூடும்போது கேரவன் ஊசல் போல ஆடத் தொடங்கும். பாம்பாட்டம் என்றே அதைச் சொல்கிறார்கள். அப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுவதுதான் வழி. பதற்றத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் ஆட்டம் முற்றும்.

தேர்வை நீக்கியது தவறு என்று நான் ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். லாரி ஓடாவிட்டால் கடை அலமாரி காலியாகும். அந்த நெருக்கடி உண்மையானது. ஆனால் பூட்டவும் பின்னோக்கி ஓட்டவும் ஒருவரைக் கட்டாயமாகக் கற்க வைத்த ஒரே இடம் அந்தத் தேர்வுதான். ஜெர்மனியின் ஏழு மணி நேரம் போல ஏதாவது ஒன்றை அதன் இடத்தில் வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். கேரவன் சங்கங்கள் நடத்தும் பயிற்சி வகுப்புகள் பிரிட்டனில் உண்டு. முதல்முறை இழுப்பவர் அதற்கு ஒரு நாளை ஒதுக்குவது நல்லது.

கொக்கியின் மேல் அழுத்தும் முன்பாரத்தைப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். சமதளத்தில் கேரவனை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, குளியலறை எடைக்கருவியைக் கேரவனின் முன்கொக்கிக்கு நேர்கீழே வையுங்கள். இரண்டுக்கும் நடுவே அளவாக அறுத்த மரக்கட்டை ஒன்றை நிறுத்திக் கொக்கியை அதன்மேல் இறக்குங்கள். மொத்தம் 1,500 கிலோ எடையுள்ள கேரவனுக்கு முள் 75-க்கும் 105-க்கும் நடுவே நிற்க வேண்டும். காரின் கையேட்டில் அதைவிடக் குறைந்த வரம்பு இருந்தால் அதுவே கணக்கு.