ஓராண்டே ஒலித்த குழு

1967ஆம் ஆண்டு ஆகசுட்டுத் திங்கள். வேல்சு நாட்டின் வடபால் உள்ள பாலா என்னும் சிற்றூரில் அந்நாட்டு மக்களின் பெருவிழாவாகிய ஐசுத்தெத்வோது நடந்துகொண்டிருந்தது. அவ்விழாவில் இலக்கியக் கூடாரம் என்று ஒன்று உண்டு. பாவலரும் திறனாய்வாளரும் அமர்ந்து யாப்பின் நுணுக்கங்களை ஆராயும் இடம் அது. அவ்வாண்டு அங்கே மின்கிட்டாரும் கொட்டும் முழங்கின. முழக்கியவர்கள் அபெரிசுத்துவித் பல்கலைக்கழக மாணவர் ஐவர். பாட்டோ முழுதும் தாய்மொழியில். முதியோர் சிலர்க்கு அது பொறுக்கவில்லை.

வேல்சு என்பது அயலார் இட்ட பெயர். பழைய செருமானியச் சொல்லொன்றிலிருந்து வந்தது. அயலான் என்பதே அதன் பொருள். சொந்த மண்ணில் வாழ்பவனை, வந்தேறியவன் அயலான் என்றழைத்த கொடுமை அது! அவர்கள் தம் நாட்டைக் கம்ரி என்றே வழங்குகின்றனர். ஒருநாட்டார் என்னும் பொருளுடைய சொல்லின் வழிவந்தது அது. இனி அப்பெயரே இங்கும் வழங்கட்டும்.

பாலாவில் எழுந்த சினம் விளங்க வேண்டுமாயின் அவ்விழாவின் அருமையையும் அறிதல் வேண்டும். 1176ஆம் ஆண்டில் கார்டிகன் கோட்டையில் ரைசு என்னும் தலைவன் கூட்டிய புலவர் அவையிலிருந்து அதன் வரலாற்றைத் தொடங்குவர். மரபு யாப்பில் சிறந்த பாட்டியற்றிய புலவனுக்கு இன்றும் நாற்காலி ஒன்று பரிசாக அளிக்கப்படுகின்றது. கங்கானெத் என்னும் அவர்தம் தொடையின் சில வகைகளில், ஓரடியின் முற்பாதியில் வந்த மெய்யொலிகள் பிற்பாதியிலும் அதே நிரலில் மீண்டும் வருதல் வேண்டும். எதுகையும் மோனையும் பயின்றவர்க்கு அதன் அருமை எளிதில் புலப்படும். விழா முழுதும் கம்ரி மொழியிலேயே நடத்தல் வேண்டும் என்ற விதி 1950 முதல் நடைமுறையில் உள்ளது. இத்தகைய காப்பு மிகுந்த இடத்திலேதான் அம்முழக்கம் எழுந்தது.

அக்குழுவின் பெயர் 'பிளெவ்'. மயிர் என்பது பொருள். தலைமயிரைக் குறிக்க அம்மொழியில் வேறு சொல் உண்டு. இஃது உடல்மயிரையும் விலங்கின் மயிரையும் குறிப்பது. நீள்முடி இளைஞர்கள் வேண்டுமென்றே அதனைத் தேர்ந்தனர் போலும்! கூந்தல், குழல், குஞ்சி என்று பிரித்து வழங்கிய தமிழர்க்கு அச்சொல்லின் குறும்பை விளக்க வேண்டியதில்லை. வள்ளுவரே கையாண்ட மயிர் என்னும் நற்சொல் இன்று வசைச்சொல்லாகத் தாழ்ந்து கிடப்பது தனிக்கதை.

அவர்கள் எந்நிலையில் பாட வந்தனர்? 1911இல் கம்ரி மக்களுள் நூற்றுக்கு 43 பேர்க்கு மேல் தாய்மொழி பேசினர். 1961இல் அது 26ஆகக் குறைந்தது. 1962 பிப்பிரவரியில் சாண்டர்சு லூயிசு என்னும் அறிஞர் வானொலியில் உரையாற்றி, இப்போக்கு நீடித்தால் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மொழி வாழும் மொழியாக இராது என்று எச்சரித்தார். அவ்வாண்டே மொழிக்கழகம் தோன்றியது. பாலாவுக்கு அண்மையில் காப்பெல் கெலின் என்னும் சிற்றூர் இருந்தது. கம்ரி மொழியே வழங்கிய ஊர். ஆங்கில நகராகிய இலிவர்ப்பூலின் நீர்த்தேவைக்காக அதனை மூழ்கடிக்க 1957இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கம்ரி நாட்டு உறுப்பினர் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. 1965இல் பள்ளி, வழிபாட்டில்லம், வீடுகள் எல்லாம் நீருக்குள் மறைந்தன. மறு ஆண்டு கார்மார்தன் இடைத்தேர்தலில் கம்ரிக் கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராகக் குவின்வோர் எவான்சு வென்றார். பிளெவ் குழுவில் கிட்டார் இசைத்தவருள் ஒருவரான தாவித் எவான்சு அவருடைய மகனே.

தந்தை நாடாளுமன்றத்தில் மொழிக்கு வாதாட, மகன் மயிரை வளர்த்துக்கொண்டு கூத்தடிக்கின்றானே என்று எண்ணினோர் இருந்திருக்கலாம். அவர்கள் கூற்றை முற்றிலும் தள்ளிவிடவும் இயலாது. பண் அயலது, கருவி அயலது, கம்ரிக்கென்றே யாழ்மரபும் கூட்டுப்பாடல் மரபும் இருக்க, அமெரிக்கத் தாளத்தை ஏன் இரவல் வாங்க வேண்டும் என்னும் வினாவில் நேர்மை உண்டு. ஆனால் அன்றைய கம்ரி இளைஞனின் வாழ்வு எப்படியிருந்தது? வழிபாடு தாய்மொழியில், ஆட்டமும் பாட்டும் காதலும் ஆங்கிலத்தில். முதியோர் எவ்வளவு தூய்மையாகக் காத்தாலும், இளையோர் மகிழும் இடத்தில் இல்லாத மொழி எத்தனை தலைமுறை நிற்கும்? பிளெவ் இரவல் வாங்கியது தாளத்தை; இரவல் கொடுக்க மறுத்தது நாவை. கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நாவைக் கொடுத்தபின் மீட்டவர் சிலரே.

குழு ஓராண்டையும் கடக்கவில்லை. குவாலிட்டன் நிறுவனத்தின்வழி ஒரே ஓர் இசைத்தட்டு. ஒரு பக்கத்தில் 'மைசு பி' என்னும் பாட்டு. 1967 முடிவதற்குள் மாணவர் ஐவரும் பிரிந்தனர்.

அதன்பின் நடந்தவற்றுக்கெல்லாம் அவர்களே காரணர் என்பது மிகை. 1969இல் தாவித் இவானும் இயூ சோன்சும் தொடங்கிய சைன் இசைத்தட்டு நிறுவனம் அப்பணியைப் பல மடங்கு பெருக்கியது. கம்ரி மொழிக்குத் தனித் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியபோது, 1980இல் குவின்வோர் எவான்சு சாகும்வரை உண்ணாநோன்பு இருக்கப்போவதாக அறிவித்தார், அரசு பணிந்தது, 1982 நவம்பரில் ஒளிபரப்புத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் முழுதும் கம்ரி மொழியில் அமைந்த 'முங்' என்னும் பாட்டுத்தொகுதி பிரித்தானிய விற்பனை வரிசையில் 11ஆம் இடம் பெற்றது. 2003இல் தாவித் எவான்சு தம் நாட்குறிப்பை நூலாக்கிப் பிளெவின் கதையையும் தந்தையின் வெற்றியையும் ஒன்றாகச் சொன்னார். மறந்துபோன குழுவின் பெயர் மீண்டும் பேசப்பட அதுவும் ஒரு வழியாயிற்று.

2021இன் கணக்குப்படி அம்மொழி பேசுவோர் நூற்றுக்கு 17.8 பேர். இழந்ததை மீட்டுவிட்டார்கள் என்று எவரும் சொல்லமுடியாது. ஆனால் லூயிசு அஞ்சிய காலமும் கடந்து அது வாழ்கின்றது.

மைசு என்றால் களம். ஐசுத்தெத்வோதில் இப்போது இளைஞர்க்கெனத் தனிக்களம் ஒன்று அமைக்கப்படுகின்றது. இரவில் அங்கே மின்கிட்டார் முழங்க, கம்ரி மொழியில் பாடுகின்றனர். அக்களத்தின் பெயர் மைசு பி.