இரு பக்கமும் நம்ம ஆள்

பணி ஓய்வுக்குப் பின் சென்னைதான் என்று டெல்லி மயூர் விகாரில் உள்ள டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணைய) ஃப்ளாட்டை விற்கக் கிளம்பும் தமிழர்கள் முதலில் போய் உட்காருவது மார்க்கெட் மூலையில் இருக்கும் பிராப்பர்ட்டி டீலரிடம். சாய் வரும். ‘அங்கிள்ஜி, நான் உங்க ஆள்’ என்பார். வாங்க வருகிறவரிடமும் அதையேதான் சொல்வார். இரு தரப்பிலும் ஆளுக்கு 1 சதவீதம் கமிஷன் வாங்குவது டெல்லியில் சகஜம். விலையில் ஒரு லட்சம் இறங்கினால் அவருக்குக் குறைவது 2,000 ரூபாய், நமக்கு முழு லட்சம். பிறகு யாரை இறங்கி வரச் சொல்வார்? 2016-ஆம் ஆண்டின் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் இருக்கிறதே என்பீர்கள். முகவர் பதிவை அது கட்டாயமாக்கியது பதிவான கட்டுமானத் திட்டங்களில் விற்பவர்களுக்கு. கைமாறும் நம் பழைய ஃப்ளாட் அதில் வராது. ஆகவே பயானா (முன்பணம்) வாங்கும் முன்பே கமிஷன் எவ்வளவு, எப்போது என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள், சாய் ஆறினாலும் பரவாயில்லை.